வண்டி ஆறுற வரைக்கும்

— ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க! போன தடவை வெந்த தழும்பே இன்னும் போகல.

— கை வைக்கலம்மா. கிட்டக் கொண்டு போய்ப் பாக்குறேன், அவ்வளவுதான்.

— சூடு பாக்கத்தான் வண்டிக்குள்ள ஒரு முள்ளு வச்சிருக்கான். அது சிவப்புல போய்ச் சாஞ்சதை ரெண்டு பேருமே பாத்தோம். அதுக்கு மேல உங்க உள்ளங்கை என்ன புதுசா சொல்லப் போகுது?

— நீ வேற. எனக்கு மண்டை காயுது. பானட்ல ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டாச்சு. எஞ்சின் சூடு அது வழியா வெளிய போகணும். போகணுமா இல்லையா? முன்னயாவது பாலம் தாண்டி இந்த வளைவுக்கு வந்தப்புறம்தான் முள்ளு சாயும். இன்னிக்குப் பாலத்துலயே சாஞ்சிருச்சு, முனகிக்கிட்டேதான் இங்க வந்து சேந்துச்சு. ஓட்டை போட்டா சூடு ஏறுமா எங்கயாவது?

— உங்க மூத்தவளுக்கு ரோஷம் வந்துருச்சு. நெத்தியில கட்டர் வச்சீங்கல்ல.

— ஜீப்பை மூத்தவன்னு சொல்றதை எப்போ விடப் போற?

— நான் வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்கு வந்தவ அவ. மூத்தவதானே? அவளுக்கு மாசாமாசம் எண்ணெய் மாத்துறீங்க, துடைக்கிறீங்க, இருமினா ஓடுறீங்க. எனக்குத் தலைவலின்னா மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு என்கிட்டயே கேக்குறீங்க.

— சரி சரி. கல்லு வச்சியா?

— வச்சாச்சு. பின் சக்கரத்துக்கா முன் சக்கரத்துக்கான்னு கூப்பிட்டுக் கேட்டேனே, வாயே திறக்கல.

— கேட்டியா?

— ரெண்டு தடவை. நீங்க பானட்டைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. சரி, கொஞ்சல் நடக்குது, நடுவுல நாம எதுக்குன்னு பின் சக்கரத்துக்கே வச்சுட்டேன்.

— அதான் சரி. உக்காரு. அந்தச் சுவரோரமா, நிழல்ல. ஆறுறதுக்கு அரை மணி ஆகும்.

— நீங்களும் உக்காருங்க. நின்னு முறைச்சா சீக்கிரம் ஆறுமா?

— மேல செல்போன் டவர்ல ஜெனரேட்டருக்கு டீசல் நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கும். அது பரவாயில்ல. பரவாயில்லதான்... ஆனா இது என் மூளைக்கு எட்ட மாட்டேங்குதே. தெர்மோஸ்டாட் மாத்தினேன். ரேடியேட்டரைக் கழட்டி ஊற வச்சுக் கழுவினேன். பம்பு புதுசு. பெல்ட் புதுசு. கடைசியில இந்த ஓட்டை. இதுக்கே மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

— போனது எனக்கும்தான் தெரியும். மூணு ஞாயித்துக்கிழமையும் ஷெட்டு வாசல்ல காபியை வச்சுட்டு, ஆறின காபியைத் திருப்பி எடுத்துட்டுப் போனது யாரு?

— கடைக்காரன் சொன்னான், கொம்பு மாதிரி ஒண்ணு விக்கிறேன், பானட் மேல ஒட்டிக்கோ, வண்டி பாக்கக் கம்பீரமா இருக்கும்னு. நான் கேட்டேன், உள்ள ஓட்டை இருக்கான்னு. இல்ல சார், சும்மா அழகுக்குன்னான். வேணாம்டா சாமின்னு வந்துட்டேன். நான் பண்ணினது ஒழுங்கான வேலை. தகடை அறுத்து, ஓரத்தை மடிச்சு, ஜன்னல் பலகை மாதிரி சாய்வா வச்சு, மழைத் தண்ணி ஆல்டர்னேட்டர் மேல விழாம கீழ ஒரு தட்டு கொடுத்து... பாரு, ஒரு பிசிறு இருக்கா? தடவிப் பாரு.

— தடவிப் பாத்தா வெந்துரும்.

— அது சரி. இப்போ பாரு, இங்க. கண்ணைச் சுருக்கிப் பாரு. ஓட்டைக்கு மேல காத்து நெளியுதா?

— நெளியுது.

— நின்னப்புறம் சூடு அது வழியா நல்லாத்தான் போகுது. ஓடும்போது போக மாட்டேங்குது. இதுதான் புரியல.

— நின்னாத்தான் மனசு விட்டுப் பேசுது போல.

— என்ன?

— ஒண்ணுமில்ல. தண்ணி குடிங்க.

— ஓடும்போது காத்து ஓட்டை வழியா உள்ள முட்டுதோ? அப்படி முட்டினா முன்னாடி ரேடியேட்டர் வழியா வர்ற காத்தும் உள்ள நுழைய முடியாம நின்னுடும். ஒரு அறைக்குள்ள ரெண்டு வாசல்லயும் கூட்டம் தள்ளின மாதிரி. அப்போ சூடு ஏறத்தான் செய்யும். ஆனா அதுக்குத்தானே நூல் ஒட்டிப் பாத்தோம்?

— ஆமா. என் ஸ்வெட்டர் நூலு. சிவப்பு. கேக்காம வெட்டினீங்க.

— கேட்டா கொடுத்துருப்பியா?

— கொடுத்துருக்க மாட்டேன்.

— பானட் முழுக்கத் துண்டு துண்டா டேப் போட்டு ஒட்டி, நான் ஓட்டினேன், நீ பக்கத்துல உக்காந்து பாத்த. நூல் எங்க விறைச்சு மேல எழும்புதோ அங்க காத்து இழுக்குது, அங்க ஓட்டை போட்டா உள்ள இருக்கிற சூட்டை உறிஞ்சி எடுத்துடும். எங்க சுருண்டு படுக்குதோ அங்க காத்து முட்டுது, அங்க போடக் கூடாது. இவ்வளவும் உனக்குச் சொன்னேன்ல?

— சொன்னீங்க.

— கண்ணாடிக்குக் கிட்ட இருக்கிற நூல்தான் எழும்புதுன்னு சொன்ன.

— ம்.

— முன்பக்கத்து நூலெல்லாம்?

— என்னங்க இது, போலீஸ்காரன் மாதிரி. எத்தனை நாள் முன்னாடி பாத்தது. அந்தப் பேச்சை விடுங்க. போன வாரம் ஒண்ணு பாதியில நிறுத்துனீங்களே, அதைச் சொல்லுங்க.

— எதை?

— கல்யாணமான புதுசுல என்னைப் பாத்தாலே பயம்னு ஆரம்பிச்சீங்க. அதுக்குள்ள வண்டி ஆறிடுச்சுன்னு எழுந்துட்டீங்க. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல.

— அதுவா! பயம்தான். நீ படக்குன்னு கதவைச் சாத்துவ. நான் கூடத்துல உக்காந்துருப்பேன். எதுக்குச் சாத்தினா, நம்ம மேல கோவமான்னு அந்தப் பக்கமே வர மாட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, உங்க வீட்ல கதவு வீங்கிப் போயி இழுத்துச் சாத்தினாத்தான் சாத்துமாம். அந்தப் பழக்கம்.

— இதை இவ்வளவு வருஷம் கழிச்சு, அதுவும் நடு ரோட்ல சொல்றீங்க பாருங்க.

— இங்கதான் ஞாபகம் வருது.

— அதான் நானும் பாக்குறேன். இங்கதான் வருது. வீட்ல எதுவுமே வராது. மேல டவர்ல ஜெனரேட்டர் கத்துற கத்துல நான் செத்து விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வண்டி ஓடினா சைலன்சர் தொண்டை கிழியக் கத்தும். இந்தச் சுவரோரம் மட்டும்தான் நீங்க மனுஷனா இருக்கீங்க.

— அடுத்த வாரத்துலேருந்து நீ இந்தச் சுவரோரம் வந்து வெந்து சாக வேணாம். கவலைப்படாத.

— ஏன்?

— சொன்னேன்ல. இந்த ஓட்டை சரியாயிட்டா வழியில நிக்க வேண்டியதில்ல. நிக்கலன்னா கல்லு வைக்க ஆள் வேணாம், தண்ணிக் கேன் தூக்க ஆள் வேணாம். நான் பாட்டுக்கு விர்ருன்னு மேல போயிட்டு, மத்தியானத்துக்குள்ள எறங்கிடுவேன். நீ வீட்ல காலை நீட்டி உக்காரு. முட்டிக்கு நல்லது.

— என் முட்டி உங்ககிட்ட வந்து அழுதுச்சா?

— படி ஏறும்போது புடிச்சுக்கிட்டு ஏறுறது எனக்குத் தெரியாதா?

— தெரியுமா? சந்தோஷம். ஆக, நான் இல்லாம போறதுக்குத்தான் இந்த ஓட்டை.

— அப்படி ஏன் எடுத்துக்கிற?

— வேற எப்படி எடுத்துக்கிறது? சொல்லுங்க, எடுத்துக்கிறேன்.

— கோவப்படாத. இன்னிக்கு எறங்கினதும் முதல் வேலையா மறுபடி நூல் ஒட்டப் போறேன். இந்தத் தடவை உனக்குச் சிரமம் வேணாம். போனை வைப்பர் பக்கத்துல கட்டிடறேன். அது வீடியோ எடுக்கும். வீட்ல உக்காந்து நிதானமாப் பாத்துக்கலாம்.

— என்னங்க.

— ம்?

— போனெல்லாம் கட்ட வேணாம்.

— கட்டினாத்தானே தெரியும்.

— நான் சொல்றேன். முன்பக்கத்து நூல்தான் எழும்புச்சு. ரேடியேட்டருக்குக் கொஞ்சம் பின்னாடி, நடுவுல. ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி நின்னுச்சு. கண்ணாடிகிட்ட இருந்ததெல்லாம் சுருண்டு, திரும்பி, ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கிச்சு.

— ...மாத்திப் பாத்துட்டியா?

— சரியாத்தான் பாத்தேன். மாத்திச் சொன்னேன்.

— என்னது?

— மாத்திச் சொன்னேன்னு சொல்றேன். தெரிஞ்சே.

— ஏய்... நல்ல தகடும்மா அது. முழுசாப் பானட்டை நாசம் பண்ணிட்டேனே! எஞ்சின் ஹெட்டு வெடிச்சிருந்தா? வழியில நெருப்புப் புடிச்சிருந்தா? விளையாட்டா இது?

— விளையாட்டில்ல. திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, கேக்குறேன். வீட்ல திட்டக்கூட மாட்டேங்குறீங்க.

— எதுக்குப் பண்ணின? அதைச் சொல்லு முதல்ல.

— எனக்கு இந்த அரை மணி நேரம் வேணும். அதுக்குத்தான். சிரிப்பு வருதா? சிரிங்க. பொம்பளை ஒருத்தி, புருஷன்கூட உக்காந்து பேசுறதுக்காக எஞ்சினைச் சூடு பண்ணினான்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிங்க. புள்ளைங்க வெளியூர் போனப்புறம் அந்த வீட்ல என்ன இருக்கு? நான் குக்கர்கிட்ட பேசுறேன். சத்தியமா. அதுவாவது நடுநடுவுல விசில் அடிக்குது. வாரத்துல ஒருநாள் இந்த மலையேத்தம். அதுல இந்த வளைவு. இங்க உக்காந்தாத்தான் நீங்க கதவு வீங்கின கதையெல்லாம் சொல்றீங்க. அதையும் ஓட்டை போட்டு அடைக்கிறேன்னா நான் என்ன பண்ணுவேன்?

— அதுக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?

— எங்க சொல்றது? எப்போ சொல்றது? அதுலயும் கொடுமையைப் பாருங்க. இங்க அரை மணி நேரம் வேணும்னு நான் பொய் சொல்லப் போயி, அந்தத் தப்பான ஓட்டையைப் போடுறேன்னு நீங்க மிச்சமிருந்த ஞாயித்துக்கிழமையையும் ஷெட்டுக்கே எழுதிக் கொடுத்துட்டீங்க. இருந்ததும் போச்சு.

— வீட்ல பேச வேண்டியதுதானே நீ.

— பேசலையா நான்? பேசலையா? தொண்டை வத்துற வரைக்கும் பேசுறேன். நீங்க டிவியைப் பாப்பீங்க. இல்ல, தட்டைப் பாப்பீங்க. ரொம்பக் கேட்டா நிமிந்து ஒரு 'ம்'. அந்த 'ம்'முக்கு அர்த்தம் கண்டுபுடிக்கவே எனக்கு ஒரு ராத்திரி ஆகும். பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாருல்லன்னு. எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம்னு வருது.

— ம்.

— பாத்தீங்களா. இப்பவும் தரையைப் பாக்குறீங்க.

— இந்தா. இந்தப் பக்கம் வந்து உக்காரு.

— இங்கயே இருக்கேன்.

— வா. வலது பக்கம். அந்தக் காதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு.

— என்ன மிச்சம் இருக்கு?

— காது போச்சும்மா.

— என்ன சொல்றீங்க?

— இடது பக்கம் அடியோட போச்சு. வலது பக்கம் பாதி. ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. பஞ்சு வைக்காம அந்த ஜெனரேட்டர் ரூம்ல நின்னு நின்னு... பஞ்சு வச்சா எஞ்சின் சத்தம் எப்படிக் கேக்கும், எங்க இடிக்குதுன்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு திமிரு. சத்தத்தை வச்சே நோயைச் சொல்றவன்னு பேரு வாங்கிட்டேன்ல. இப்போ கையை வச்சு அதிர்வைப் பாத்துத்தான் சொல்றேன். நூல் ஒட்டிப் பாக்குறது, தடவிப் பாக்குறது எல்லாம் அதனாலதான். முன்னயெல்லாம் நான் நூல் ஒட்டி நீ பாத்துருக்கியா?

— டாக்டர்கிட்ட...

— போனேன். உன்கிட்ட டயர் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். உள்ள பாகம் தேஞ்சு போச்சு, ஸ்பேர் கிடையாதுங்கிற மாதிரிதான் சொன்னான். மெஷின் வச்சுக்கலாம்னான். மெஷினை மாட்டிக்கிட்டுப் போய் மேனேஜர் முன்னாடி நின்னா, டவர்ல அலாரம் அடிச்சா உனக்குக் கேக்குமாய்யான்னு கேப்பான். அதோட என் வேலை முடிஞ்சுது.

— என்கிட்டகூடவா?

— உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். வாய் வரல. செவிடன்னு நீ ஒரு பார்வை பாத்துட்டா... சரி, விடு. இங்க கேக்கும். இங்க ஒரு சத்தமும் இல்ல. காத்து, நீ, அவ்வளவுதான். நீ பக்கத்துல உக்காந்தா ஒவ்வொரு வார்த்தையும் விழுது. அதான் இங்க வாய் ஓயாம பேசுறேன் போல. எனக்கே தெரியல.

— அப்புறம் ஏன்? இங்கதான் கேக்குதுன்னா, இங்க நிக்காம போறதுக்கு ஏன் ஓட்டை போட்டீங்க? முட்டின்னு சொன்னா அறைஞ்சுடுவேன்.

— முட்டி இல்ல. அன்னிக்கு நீ பின்னாடி கல்லு வச்சுக்கிட்டு இருந்த. ஒரு லாரி எறங்கி வந்துச்சே.

— ஆமா. சைடு வாங்கி நிறுத்தினான்.

— அவன் மேல் வளைவுலேருந்தே ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தானாம். எறங்கி வந்து என்னைத் திட்டினான்ல, ஏன்யா பொண்டாட்டியை ரோட்ல விட்டுட்டு வேடிக்கை பாக்குறன்னு. எனக்குக் கேக்கலம்மா. நீ துள்ளி ஓரத்துக்கு வந்து விழுந்தப்புறம்தான் திரும்பினேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனி இந்த வண்டி வழியில நிக்கக் கூடாது, நீ இந்த ரோட்ல எறங்கக் கூடாதுன்னு. உன்னைக் கழட்டி விடணும்னு இல்ல. ஏய். அழுறியா? இந்தப் பக்கம் திரும்பு. நீ திரும்பிக்கிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது.

— வீட்ல... வீட்ல எதுவுமே கேக்காதா?

— ஃபேன் ஓடாம, டிவி இல்லாம, நீ நேரா நின்னு பேசினா பாதி கேக்கும். ஃபேன் ஓடினா உன் குரல் அதுக்குள்ள போயிடும். உன் வாய் அசையும். சரி, ஏதோ கேக்குறன்னு தெரியும். மூஞ்சியைப் பாத்து ஒரு மாதிரி ஊகிச்சுப் பதில் சொல்லிடுவேன். பெரும்பாலும் சரியா அமைஞ்சுடும். உப்பு போதுமா, கதவைப் பூட்டினீங்களா, இதுக்கு மேல நாம என்ன பேசிக்கிறோம்?

— சமையக்கட்டுலயும்?

— அங்க ரொம்ப மோசம். புகை போக்குற அந்த ஃபேனு இருக்கே, அது ஓடினா நான் கெணத்துக்குள்ள இருக்கிற மாதிரிதான்.

— அன்னிக்கு அது ஓடிட்டு இருந்துச்சு.

— என்னிக்கு?

— லாரி வந்ததுக்கு ரெண்டு நாள் கழிச்சு. நீங்க ஷெட்டுலேருந்து வந்து தண்ணி குடிச்சீங்க. நான் அடுப்பை அணைச்சுட்டு, கையைத் துடைச்சுட்டு, உங்க முன்னாடி வந்து நின்னு ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லிட்டு, டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பானட்டை அறுக்க ஆரம்பிச்சீங்க.

— ஞாபகம் இல்லையே. என்ன கேட்ட?

— விடுங்க. வண்டி ஆறியிருக்கும். எடுங்க, போலாம்.

— எடுக்கல. எடுத்தா அந்தச் சத்தத்துல கேக்காது. சொல்லு, என்ன கேட்ட?

— அப்புறம் சொல்றேன்.

— அப்புறம் எங்க சொல்லுவ? இங்கதான் கேக்கும். அன்னிக்கு என்ன கேட்டன்னு இந்தக் காதுகிட்ட வந்து சொல்லு.

— 'உங்களுக்கு நான் இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். பேசாம தங்கச்சி வீட்டோடயே போய் இருந்துக்கட்டுமா'ன்னு கேட்டேன்... நீங்க என் மூஞ்சியைப் பாத்து, அழகாச் சிரிச்சுட்டு, 'தாராளமா'ன்னீங்க.